கபிலக்கல்லும் அயலகத்து இறுதிநாட்களும்

மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நிமிர்ந்து நிற்க, வடகிழக்கே தென்பெண்ணை பாயும் நிலப்பரப்பு, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமாகத் தனித்து அமைந்தது. இம்மாவட்டத்துத் திருக்கோவலூரில், பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை உள்ளது. கபிலர் குன்று என மக்கள் அதனை வழங்குவர். கபிலர் தம் வாழ்வை முடித்துக்கொண்ட இடம் அதுவே என்பது மரபு. நட்பின் சின்னமாக அதனைப் போற்றி வந்துள்ளோம். நிலையான வருவாய் இல்லாத ஒருவர், இறுதிநாட்களைப் பிறர் நாட்டில் கழிக்க நேர்ந்தால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்னும் வினாவுக்கும் அப்பாறை சான்று கூறுகிறது.

பாரியின் பறம்பு, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பர். அங்கிருந்து திருக்கோவலூர் நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வேளிரும் வேந்தரும் தத்தம் நிலத்தைத் தனித்தனியே ஆண்ட அக்காலத்தில் அது வேற்று நாடே. பாரி மாண்டபின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பு கபிலர்மேல் வீழ்ந்தது. அம்மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று, மணந்துகொள்ளுமாறு அவர் வேண்டியதைப் புறநானூற்றின் 200, 201, 202ஆம் பாடல்கள் காட்டுகின்றன. இருவரும் இசையவில்லை.

கபிலர் வறியவரா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தைப் பாடிய அவருக்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணமும், குன்றேறி நின்று தன் கண்ணுக்கு எட்டிய நாடும் அளித்தான் என்று அதன் பதிகம் கூறுகிறது. பதிகங்கள் பிற்காலத்தவை, தொகையை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. எனினும் புலவரின் வருவாய் எத்தகையது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. அது மன்னன் மகிழ்ந்தபோது வருவது, ஆண்டுதோறும் வருவதன்று. புலவரைப் புரந்த வள்ளல் மறைந்தால் வருவாயும் மறையும்; அவ்வருவாயோடு சேர்ந்திருந்த மதிப்பும் குன்றும். அடைக்கலம் தேடி வாயிலில் நிற்கும் புலவரும், பரிசில் பெற்று அவையில் அமரும் புலவரும் ஒருவரே ஆயினும், அவரை எதிர்கொள்ளும் முகங்கள் ஒன்றல்ல.

பெண்ணையாற்று நாடு அவருக்கு முற்றிலும் புதிதன்று. அதனை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியை அவர் பாடியுள்ளார். ஈதல் எளிது, வரிசை அறிதலே அரிது என அவனுக்கு அறிவுரையும் கூறியுள்ளார். பாரியைப் போலவே காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அத்தகையவன் நாட்டில் ஒரு புலவருக்குச் சோறும் உறையுளும் கிடைத்திருக்கும் எனக் கொள்வது பிழையாகாது. அங்கேதான் கபிலர் உணவை மறுத்து வடக்கிருந்தார். புறநானூற்று 236ஆம் பாடலின் அடிக்குறிப்பு, மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தபின் அவர் வடக்கிருந்ததாகக் கூறுகிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையர்க்கு அளித்துத் தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் பொறித்துள்ளது. முடிந்த வகையில் இரு சான்றுகளும் வேறுபடுகின்றன; பொறுப்பு முடிந்தபின்னரே உயிர் துறந்தார் என்பதில் ஒன்றுபடுகின்றன. அயலகத்தில் அவருக்கு இல்லாதது அரிசியன்று. தம்மை அறிந்த நண்பனே.

இருபதாம் நூற்றாண்டில் இதே மண், கடல்கடந்து செல்வோரை அனுப்பியது. கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம், மலேயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் மிகுதியாகச் சென்ற மாவட்டங்களுள் ஒன்று. அவர்கள் முதுமைக்கெனச் சேர்த்தவை சிறு தொகைகள். 1942 முதல் 1945 வரை மலேயாவை ஆண்ட சப்பானியர் வெளியிட்ட, வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் போர் முடிந்ததும் வெறுங்காகிதமாயின. மலேயாவில் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது 1951இல்தான்; அதற்கு முன் மரம் சீவிய ஆண்டுகளுக்கு அந்நிதியில் கணக்கில்லை. மலேசியாவில் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால், பல்லாண்டு உழைத்த தமிழர் பலர் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பர்மாவில் 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. அவர்களுள் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தோர் மிகப்பலர். அவர்களுக்கு இந்தியாவே அயல்நாடு.

இவர்களுள் எவரும் வரவுசெலவுக் கணக்கில் தவறியவர் அல்லர். அவர்கள் சேமிப்பு வேறொருவர் கையிலிருந்த நாணயத்தையும், வேறொருவர் எழுதிய சட்டத்தையும் சார்ந்திருந்தது. கபிலரின் வாழ்வு ஒரு வள்ளலின் உயிரைச் சார்ந்திருந்ததைப் போன்றதே இதுவும்.

இன்றும் இந்நிலை முற்றும் மாறிவிடவில்லை. பிரித்தானிய அரசு ஓய்வூதியம் பெறுவோர் இந்தியாவில் வந்து தங்கினால், அங்கே ஆண்டுதோறும் ஏறும் உயர்வு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் நின்ற தொகையே இறுதிவரை நிற்கிறது. விலைவாசி நிற்பதில்லை. எதிர்த்திசையில், இங்கே உரூபாயில் ஓய்வூதியம் பெற்று, பிள்ளைகளைச் சார்ந்து அயல்நாட்டில் வாழும் பெற்றோருக்கு அங்குள்ள ஒரு மருத்துவமனைச் செலவே பல மாத ஓய்வூதியத்தை விழுங்கிவிடக்கூடும். தங்கும் உரிமையோ நுழைவுச்சீட்டின் நாள்கணக்கில் அடங்கும்.

ஆகவே அயலகத்தில் முதுமையைக் கழிக்க எண்ணும் எளிய வருவாயினர், வாடகையும் உணவும் கணக்கிட்டபின் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளல் நன்று. என்னைத் தாங்குபவர் இல்லையானால் யார்? என் பணத்தின் மதிப்பு யார் கையில்? நான் இங்கிருக்கும் உரிமை எதுவரை? நான்காவது ஒன்றும் உண்டு: என் பாட்டைக் கேட்டு அறியக்கூடியவர் அங்கே எவர்? இந்த நான்காவதற்கு எந்த அரசும் விடை தர இயலாது. பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் போன்ற அமைப்புகள் தரலாம். வெளிநாடு சென்ற மூத்த உறுப்பினரின் பெயரை ஏட்டிலிருந்து நீக்காதிருத்தலும், அவர் கவிதையைக் கூட்டத்தில் படித்து, கேட்டோர் கருத்தை அவருக்கு எழுதி அனுப்புதலும் பெருஞ்செலவு வேண்டாத பணிகள். பெண்ணைக் கரையில் கபிலருக்குக் கிடைக்காதது அதுவே.