6174: ஓர் உபாத்தியாயர் கண்ட எண்

எண் என்றவுடன் நம்மவரிற் பலருக்கு நினைவு வருவன இரண்டே: ஒன்று கடைக்கணக்கு, மற்றொன்று சோதிடம். பெயரெழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டி அதிர்ஷ்டம் கேட்பதற்கு, உழைத்த காசைக் கொண்டுபோய்க் கொடுப்போரும் உளர். எண்ணை ஆராய்ந்தறியும் மூன்றாவது வழியும் உண்டு என்பதற்குக் கப்ரேக்கரின் வரலாறு சான்றாகும்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர், பம்பாய்க்கு வடக்கேயுள்ள தகாணுவில் 1905-ம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் ஒரு குமாஸ்தா; சோதிடத்தில் பற்றுடையவர். கணக்கிடும் பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. மகனோ அதனைப் பலன் பார்க்கச் செலவிடாது, எண்களின் இயல்பையே ஆராயச் செலவிட்டார். 1929-ல் பம்பாய்ச் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, 1930 முதல் 1962 வரை நாசிக்கையடுத்த தேவ்லாலியில் பள்ளி உபாத்தியாயராக இருந்தார். மேற்பட்டம் ஏதும் பெற்றாரில்லை.

1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் வெளியிட்ட செய்தி இது. நான்கிலக்க எண்ணொன்றை எடுத்துக்கொள்க. நான்கும் ஒரே இலக்கமாயிருத்தல் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதனின்று ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க. வரும் விடையையும் அவ்வாறே செய்க. பூச்சியமும் ஓர் இலக்கமே. ஏழு தடவைக்குள் 6174 வந்தே தீரும், வந்தபின் மாறாது. அவர் ஓய்வுபெற்ற 1962-ஐயே சோதிப்போம்:

9621 - 1269 = 8352
8532 - 2358 = 6174
7641 - 1467 = 6174

இது தெய்வச் செயலோ? அன்று, காரணமுண்டு. முதற் கழித்தலின் விடையாவது, மிகப் பெரிய இலக்கத்திற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேற்றுமையை 999-ஆலும், நடு இரண்டின் வேற்றுமையை 90-ஆலும் பெருக்கிக் கூட்டிய தொகையே. ஆதலின், 0000 முதல் 9999 வரையுள்ளவற்றுள் விலக்கிய பத்தும் போக எஞ்சும் 9990 எண்களும், முதற்படியிலேயே 54 விடைகளுள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் சிலேட்டில் போட்டுப் பார்த்து முடித்துவிடலாம். எவர் சொல்லையும் நம்பவேண்டுவதில்லை.

கணிதப் புலவர் சிலர் இவ்வாராய்ச்சியை அற்பமென ஒதுக்கினர். 1975-ல் மார்ட்டின் கார்ட்னர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் சயன்டிபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதிய பின்னரே, கப்ரேக்கரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. 1986-ல் அவர் மறைந்தார்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்று. பிள்ளையின் பெயருக்கு எண் பார்ப்பதை விடுத்து, பிள்ளையின் கையில் எண்ணைக் கொடுங்கள். மூன்றிலக்க எண்களுக்கும் இத்தகைய முடிவெண் ஒன்றுண்டு. அதனை நாம் இங்கே சொல்லோம், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.