'ரெக்ஸ்' என்னும் ரோமாபுரி ராஜா

பூஜை முடிவில் மந்திரபுஷ்பம் சொல்லும்போது 'ராஜா' என்ற சொல் நம் வாயில் வந்து போகிறது. அதற்கு ரோமாபுரியில் ஓர் உடன்பிறப்பு உண்டு. லத்தீன் மொழியில் அரசனுக்குப் பெயர் 'ரெக்ஸ்'. வேற்றுமை ஏறும்போது அது 'ரேகிஸ்', 'ரேகெம்' என்றாகும். 'ராஜ' என்பதன் சாயல் அங்கே நன்றாகத் தெரியும். பழைய ஐரிஷ் மொழியில் அரசன் 'ரீ'. ஜூலியஸ் ஸீஸரை எதிர்த்துப் போரிட்டு கி.மு. 52-ல் சரணடைந்த கால் நாட்டுத் தலைவன் வெர்ஸிங்கெடோரிக்ஸ்; அப்பெயரின் இறுதியில் நிற்கும் 'ரிக்ஸ்' என்பதும் இதே சொல்தான். ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் கல்கத்தாவில் சொன்னதற்கு இது நல்ல உதாரணம்.

இச்சொல்லின் வேர்ப்பொருள் என்ன? குடிகளை ரஞ்ஜிக்கச் செய்பவன் ராஜா என்று ரகுவம்சத்தில் காளிதாஸன் நயம்படச் சொல்கிறான். யாஸ்கரின் நிருக்தமோ 'விளங்குகிறவன்' என்று பொருள் கொள்கிறது. இன்றைய மொழிநூலார் பெரும்பாலோர் கொள்ளும் வேர் வேறு: 'நேராக்குதல், நேர்வழியில் செலுத்துதல்'. லத்தீனில் 'ரெகெரே' என்றால் செலுத்துதல். 'ரெக்டுஸ்' என்றால் நேரானது. 'ரேகுலா' என்றால் கோடு போட உதவும் நேர்க்கோல். ஸம்ஸ்கிருதத்தில் நாம் அறிந்த 'ருஜு'வும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சு அறிஞர் எமீல் பென்வெனிஸ்ட் 1969-ல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எல்லைகளை நேர்கோடாக வகுத்து, இது செய்யத் தக்கது, இது தகாதது என்று காட்டுபவனே ஆதியில் ரெக்ஸ். அவன் படைத்தலைவனைவிடப் புரோகிதனுக்கே நெருங்கியவன் என்பது அவர் கருத்து.

ரோமானியரின் சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்வது போல இருக்கிறது. அவர்கள் மரபுப்படி கி.மு. 753 முதல் 509 வரை ஏழு அரசர்கள் ஆண்டார்கள். கடைசி அரசன் 'கர்வி' என்று பெயரெடுத்த டார்க்வினியுஸ். அவனுடைய கொடுமை பொறுக்காமல் அவனை விரட்டிவிட்டு, ஆண்டுக்கு இருவராகக் கான்சல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 'ரெக்ஸ்' என்பது வசைச்சொல் ஆயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். அரசனே செய்ய வேண்டிய யாகங்களை இனி யார் செய்வது? தெய்வ காரியம் நிற்கக் கூடாது என்று 'ரெக்ஸ் ஸாக்ரோரும்', அதாவது 'கிரியைகளுக்கான ராஜா' என்று ஒருவரை நியமித்தார்கள். பெயர் ராஜா, அதிகாரம் ஒன்றும் இல்லை. வேறு அரசாங்கப் பதவியும் வகிக்கக் கூடாது. கி.மு. 180-ல் டோலபெல்லா என்பவரை இதற்கு நியமிக்க முயன்றபோது, தம் கடற்படைப் பதவியை விட அவர் மறுத்துவிட்டார்! 1899-ல் ரோம் நகரப் பொதுச் சதுக்கத்தில் கறுப்புக் கல் தளத்துக்கு அடியில் கிடைத்த மிகப் பழைய லத்தீன் கல்வெட்டிலும் இந்த 'ரெக்ஸ்' இருக்கிறான்.

அந்தச் சொல்லின் மீதிருந்த பயம் ஓர் உயிரையும் வாங்கியது. கி.மு. 44 பிப்ரவரியில் ஆண்டனி ஸீஸருக்கு மகுடத்தை நீட்டினான். ஸீஸர் மறுத்தும் சந்தேகம் தீரவில்லை. அடுத்த மாதமே அவர் கொல்லப்பட்டார். பின்னால் வந்த அகஸ்டஸ் எல்லா அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 'ரெக்ஸ்' பட்டத்தை மட்டும் தொடாமல் 'முதல் குடிமகன்' என்று சொல்லிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், 'ஸீஸர்' என்ற குடும்பப் பெயரே பிற்காலத்தில் ஜெர்மனியில் 'கைஸர்', ருஷியாவில் 'ஜார்' என்று சக்கரவர்த்திப் பட்டமாகிவிட்டது.

'ரெக்ஸ்' இன்றும் மறையவில்லை. இங்கிலாந்தில் அரசு தொடுக்கும் குற்ற வழக்குகள் எலிஸபெத் ராணி காலத்தில் 'ரேகீனா' பெயரில் நடந்தன. 2022-ல் சார்ல்ஸ் பட்டத்துக்கு வந்ததிலிருந்து 'ரெக்ஸ்' பெயரில் நடக்கின்றன.

தமிழில் நல்லாட்சிக்குச் செங்கோல் என்றும், தீய ஆட்சிக்குக் கொடுங்கோல் என்றும் பெயர். முன்னது நேரான கோல்; பின்னது வளைந்த கோல். திருவள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரமே வைத்தார். இதற்கும் லத்தீன் சொல்லுக்கும் பிறப்பால் உறவு கிடையாது. ஆயினும் நேராக நிற்பவனே அரசன் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. ரோமானியர் விரட்டியது வளைந்த கோலை. நேர்க்கோலைத் தெய்வ சந்நிதியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.