அப்பிள்பீ அம்மையாரின் ஹொக்கி மட்டை

1932 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹொக்கி அணி அமெரிக்காவை 24 - 1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. ரூப் சிங் 10 கோல்களையும் அவருடைய அண்ணன் தியான் சந்த் 8 கோல்களையும் அடித்தனர். போட்டியிட்டவை மூன்றே நாடுகள் என்பதால், ஆடிய இரண்டிலும் தோற்ற அமெரிக்காவுக்கும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. விளையாட்டில் அத்தனை பலம்வாய்ந்த தேசத்துக்கு ஏன் இந்தக் கதி? அமெரிக்காவில் ஹொக்கி பெண்களின் ஆட்டம். ஆண்கள் அதை முறையாக ஆடத் தொடங்கியதே 1920களின் இறுதியில்தான். நிலைமை அவ்வாறு அமைந்ததற்கு ஓர் ஆங்கிலேயப் பெண்மணியே பிரதான காரணம்.

கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீ 1873 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். அதே ஆண்டில்தான் பொஸ்டன் வைத்தியர் எட்வர்ட் கிளார்க், உயர்கல்வி பெண்களின் உடலைக் கெடுத்துவிடும் என்று வாதிட்டு ஒரு நூலை வெளியிட்டார். கல்லூரி வாசலை மிதித்த ஒரு தலைமுறைப் பெண்களை அந்நூல் அச்சத்தில் ஆழ்த்தியது. படிக்கும் பெண் நோயாளியாகிவிடமாட்டாள் என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மகளிர் கல்லூரிகளின் தலையில் விழுந்தது. அந்த நிரூபணத்துக்கு விளையாட்டு மைதானம் அவசியமாயிற்று.

1901 கோடையில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பயிற்சி வகுப்பொன்றுக்காக அப்பிள்பீ அமெரிக்கா வந்தார். பெண்களுக்கு உகந்த தேகப்பயிற்சி எது என்ற பேச்சு எழுந்தபோது, கதிரையைச் சுற்றி ஓடும் விளையாட்டுப் போன்றவற்றை அமெரிக்க ஆசிரியைகள் குறிப்பிட்டனராம். அவையெல்லாம் எங்கள் நாட்டில் விருந்துகளில் ஆடுபவை, தேகப்பயிற்சிக்கு நாங்கள் ஹொக்கி ஆடுகிறோம் என்ற பொருளில் அவர் பதிலளித்ததாகச் சொல்வார்கள். உரிய உபகரணம் இல்லாததால், கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தின் பின்முற்றத்திலேயே ஆடிக் காட்டினார். அந்த வகுப்பிலிருந்த வாசர் கல்லூரி ஆசிரியை ஹரியட் பலன்டைன் அவரைத் தமது கல்லூரிக்கு அழைத்தார். ஸ்மித், வெல்ஸ்லி, மவுண்ட் ஹோலியோக், பிறின் மோர் ஆகிய மகளிர் கல்லூரிகளும் அவரை வரவழைத்தன.

1904 இல் பென்சில்வேனியாவின் பிறின் மோர் கல்லூரியில் பணியேற்ற அவர், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அங்கிருந்தார். தாமே பயிற்றுநர், தாமே நடுவர், உடற்கல்விப் பணிப்பாளரும் தாமே. உதவிப் பயிற்றுநர் என்றொரு பதவியை அன்று எவரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். அவரிடம் கற்ற மாணவிகளே பிற்பாடு வேறு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியைகளாகி மட்டையைக் கையளித்தனர். 1922 இல் தேசிய மகளிர் ஹொக்கிச் சங்கம் உருவானது. அதே பத்தாண்டில் பொக்கோனோ மலைப்பகுதியில் வருடாந்தப் பயிற்சி முகாமையும் 'ஸ்போர்ட்ஸ்வுமன்' என்ற சஞ்சிகையையும் நடத்தினார். தொண்ணூறு வயதைக் கடந்தபின்னரும் அந்த முகாமில் அவருடைய குரல் கேட்டது.

ஆட்டம் எந்த அளவுக்குப் பெண்களுடையதாகிவிட்டது என்றால், மசாசூசெட்ஸில் 1979 இல் நீதிமன்றத் தீர்ப்பொன்று வந்த பிறகு பையன்கள் பெண்கள் அணியில் சேர்ந்து ஆடத் தொடங்கினர்!

1972 இல் நிறைவேறிய 'டைட்டில் நைன்' சட்டம் மகளிர் அணிகளுக்குப் பணத்தைக் கொண்டுவந்தது. சம்பளத்துடன் பயிற்றுநர்களும் உதவிப் பயிற்றுநர்களும் நியமனமாகினர். சம்பளம் வந்ததும் ஆண்களும் விண்ணப்பித்தனர் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1972 இல் மகளிர் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். 2014 அளவில் அது ஏறத்தாழ நாற்பத்து மூன்றாக வீழ்ந்தது. ஹொக்கி இந்தச் சரிவுக்குப் பெரிதும் தப்பிய விளையாட்டு. அப்பிள்பீ காலத்து வழக்கம் அங்கே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்றே கருதுகிறேன்.

1981 ஜனவரியில், தமது 107 ஆவது வயதில், அம்மையார் இங்கிலாந்தில் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கத் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் தனது முதலாவது மகளிர் ஹொக்கிச் சம்பியன் போட்டியை நடத்தியது.

மூன்றாண்டுகளின் பின் ஒலிம்பிக் மீண்டும் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. அமெரிக்க மகளிர் அணியின் பயிற்றுநர் வொனி குறோஸ், பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் நீண்டகாலம் பயிற்றுவித்தவர். தமது ஆட்டங்களை முடித்துக்கொண்டு நெதர்லாந்து - அவுஸ்திரேலியா ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தனர் அவரது வீராங்கனைகள். அவுஸ்திரேலியா தோற்றதால் அவ்வணியும் அமெரிக்காவும் சமநிலைக்கு வந்தன. உடனே அவர்கள் மைதானத்துக்கு இறங்கிவந்து, தண்ட அடிகளில் 10 - 5 என வென்று வெண்கலத்தைப் பெற்றனர்.