குப்பையை யார் கை பிரிக்கிறது?

சேலம் நகராட்சி 1866-இல் உருவானது, 1994-இல் மாநகராட்சியானது. ஆனால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குப்பை அள்ளும் வேலை இன்றும் பெரும்பாலும் அருந்ததியர் தலையில்தான். தோட்டி என்றார்கள், துப்புரவுப் பணியாளர் என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர். பெயர்தான் மாறியது.

உலர் கழிப்பிடத்தை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குப்பைக்குச் சட்டம் மெதுவாகவே வந்தது. 2000-ஆம் ஆண்டு விதிகள், பிரித்துக் கொடுக்கும்படி மக்களை ஊக்குவிக்க நகராட்சிகளிடம் சொன்னதோடு நின்றன. 2016 விதிகள்தான் அதை வீட்டுக்காரரின் கடமை ஆக்கின: மட்கும் குப்பை தனி, மட்காதது தனி, பேட்டரி, காலாவதியான மருந்து போன்ற அபாயக் கழிவு தனி. நாப்கினைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும்.

நாம் பிரிக்காமல் கொட்டினால், உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் நாப்கினையும் இன்னொருவர் கை தொட்டுப் பிரிக்கிறது. அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வர வேண்டும் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிட்டது. சாதி உழைப்பாளிகளையே கூறுபோடும் ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கினார்.

தோழர்களே, விடுதியிலும் வீட்டிலும் இன்றே பிரிக்கத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவையுங்கள். கண்ணாடிச் சில்லைத் தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். நிரந்தரப் பணி, கையுறை, நியாயமான கூலி கேட்டுத் தொழிலாளர்கள் போராடும்போது அவர்களோடு போய் நில்லுங்கள்.