ஈரலுக்குள் ஒரு சுழல்

உதகையின் காந்தல் முக்கோணத்தில் நின்று மஞ்சள் காமாலைக்கு என்ன மருந்து என்று கேட்டால், கீழாநெல்லி என்றுதான் பதில் வரும். அந்த நம்பிக்கையைச் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் அவர் குழுவோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கீழாநெல்லி அந்தக் கிருமியை விரட்டும் என்ற அதன் முடிவு, பின்னாளில் பிறர் செய்த சோதனைகளில் உறுதிப்படவில்லை. ஆனால் தியாகராஜன் குழு குறிவைத்த எதிரி சரியானது. காமாலை இறங்கிய பின்னும் சிலர் ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் புற்றுநோயில் கொண்டுவிடும் கிருமி அது.

எப்படிக் கொண்டுவிடுகிறது? விடையின் ஒரு பகுதி நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் மரபணுத் தொகுதியில் புரதம் செய்யக் குறிப்புத் தரும் பகுதி நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. மீதியிலிருந்தும் ஆர்.என்.ஏ. இழைகள் படியெடுக்கப்படுகின்றன. அவற்றில் 200 எழுத்துக்கு மேல் நீண்டு, புரதமாக மாறாதவையே நெடிய குறியிலா ஆர்.என்.ஏ.க்கள். ஒருகாலத்தில் வெறும் குப்பை என்று ஒதுக்கப்பட்டவை. 2007இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் ஈரல் புற்றுக்கட்டிகளில் அப்படி ஓர் இழை மிகுந்து கிடப்பதைக் கண்டு, அதற்கு ‘ஹல்க்’ என்று பெயரிட்டார்கள். சுமார் 500 எழுத்து நீளம். ஆறாம் குரோமோசோமில் பிறப்பு.

இதன் வேலை என்னை வியக்கவைக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 372 என்ற சிறு இழை, ஒரு நொதியின் உற்பத்தியை அடக்கிவைக்கும். ஹல்க் அந்தச் சிறு இழையைப் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல உறிஞ்சிக்கொள்கிறது. அடக்குமுறை தளர, நொதி பெருகி ‘கிரெப்’ புரதத்தைத் தூண்டுகிறது. கிரெப் போய் ஹல்க்கின் மரபணுவையே மேலும் முடுக்கிவிடுகிறது. தன்னைத் தானே வளர்க்கும் சுழல் இது. ஹெபடைட்டிஸ் பி கிருமியின் எக்ஸ் புரதமும் இதே கிரெப் வழியாக ஹல்க்கைக் கூட்டுகிறது என்று 2012இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி18 மரபணு அதனால் ஒடுங்குகிறது.

இந்தச் சுழலை மருந்தால் உடைக்க இன்னும் வழி பிறக்கவில்லை. தொடங்கவிடாமல் தடுக்க வழி உண்டு. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் நாட்டிலேயே முதலில் ஐந்து நோய்த் தடுப்பூசியைக் கொண்டுவந்தன. அதில் ஹெபடைட்டிஸ் பி-யும் ஒன்று. ஆனாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசிதான் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் காக்கிறது. வீட்டிலேயே பிரசவம் நடக்கும் மலைக்குடியிருப்புகளில் அது தவறிப்போவது எனக்குப் பெருங்கவலை.

தடுப்பூசிக் காலத்துக்கு முன் பிறந்து, கிருமியைச் சுமந்தபடி தேயிலை பறிப்பவர்களும் இருக்கக்கூடும். ஈரல் சுருங்கியவர்களுக்கும் ஆபத்து மிகுந்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் தேவை. இரத்தத்தில் பார்க்கும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதச் சோதனையோ ஆரம்பக் கட்டிகளைப் பல வேளை தவறவிடும். ஹல்க் கட்டியோடு நிற்காமல் இரத்தத்திலும் தென்படுகிறது. அதை நம்பகமான சோதனையாக்கும் முயற்சி ஆய்வுக்கூடங்களில் நடந்துவருகிறது.