திருகோணமலை மாவட்டத்தின் எல்லைநிலத் தொன்மங்கள்

எல்லைநிலத் தொன்மம் என்பது, ஆளற்றுக் கிடந்த காட்டை முன்னோடிகள் வெட்டித் திருத்திக் கழனியாக்கினர் என ஒரு குடியேற்றத்தின் தொடக்கத்தை விளக்கும் கதையாகும். அமெரிக்க வரலாற்றுக்கு பிரெடரிக் ஜாக்சன் டேர்னர் 1893இல் அளித்த விளக்கம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நிலாவெளியை உள்ளடக்கிய திருகோணமலை மாவட்டத்தில் இத்தகைய கதைகள் இரண்டு வழங்குகின்றன.

முதலாவது கதை, கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூலில் உள்ளது. குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயில் திருப்பணியை நிறைவேற்றி, கந்தளாய்க் குளத்தை அமைத்து, தானத்தார், வரிப்பத்தார் எனப்படும் கோயில் தொழும்பாளரைத் தமிழகத்திலிருந்து கொணர்ந்து குடியமர்த்தினான் என்று அந்நூல் கூறுகிறது. அக்குளத்தைப் பாளி வரலாற்று நூலான சூளவம்சமோ ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்குகிறது. இரண்டாவது கதை அரசு சார்ந்தது. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குப் பின் உருவான கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களில் சிங்கள உழவர் முன்னோரின் கைவிடப்பட்ட குளங்களுக்கு மீள்வதாகவே பேசப்பட்டது.

இவ்விரு கதைகளுக்கும் கல்வெட்டுகள் இடந்தரவில்லை. சோழர் காலத்தைச் சேர்ந்த நிலாவெளிக் கல்வெட்டு, கோணபர்வதத்து மச்சகேசுவரத்து (கோணேசர் கோயிலெனக் கருதப்படுவது) இறைவனுக்கு 250 வேலி நிலம் (வேலி என்பது பழைய நில அளவு) அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கையில், கிழக்கெல்லையாகக் கடலைக் குறித்து, மரங்களையும் கிணறுகளையும் கொடையில் சேர்க்கிறது. கிணறு தோண்டி, நன்செயும் புன்செயும் பிரித்து, எல்லை வகுத்த நிலம் ஆளற்ற காடாக இருந்திருக்க இயலாது. நிலாவெளிக்கு மேற்கே பெரியகுளத்தில் உள்ள வெல்கம் விகாரை, சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்று, தமிழரிடமிருந்து விளக்குகளையும் பசுக்களையும் கொடையாகப் பெற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளே சொல்கின்றன. தமிழ்ப் பௌத்தரின் இப்பள்ளி, விகாரை என்றாலே சிங்களக் குடியிருப்பு என்னும் வாதத்தைத் தகர்ப்பதோடு, இப்பகுதித் தமிழர் அனைவரும் சைவரே என்னும் எண்ணத்தையும் திருத்துகிறது. மூதூர்க் கரையோரத்தில் தமிழ் பேசி வாழும் வேடர் இரு கதைகளிலும் இடம்பெறாதது பெருங்குறையாகும்.

1881 கணக்கெடுப்பில் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்த சிங்களவர், 1981இல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காயினர். இம்மாற்றம் பெரும்பாலும் குடியேற்றத் திட்டங்களின் விளைவே. இன்று மாவட்டத்தில் முஸ்லிம்களே மிகப்பெரிய சமூகத்தினர். விகாரைகளை முன்வைத்த மேற்கூறிய வாதம் நிலவும் சூழலில், இம்மாவட்டம் அடங்கும் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் அரசுத்தலைவர் செயலணி ஒன்று அமைக்கப்பட்டது.