மடக்குக்கத்தி: தரம் அறிதல்

மடக்குக்கத்தி என்பது அலகு பிடிக்குள் மடங்கி அடங்கும்படி செய்த சிறு கத்தி. பேனாக்கத்தி என்றும் சொல்வர். அலகு பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர் வரை இருக்கும். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள கணியூர்ப் பகுதியில் இதற்கு இரண்டு வகைப் புழக்கம். அமராவதிப் பாசனத் தோப்புகளில் சொட்டுநீர்க் குழாயை நறுக்கவும் உரமூட்டையின் தையலை அறுக்கவும் வாழைச்சருகைக் கழிக்கவும் ஆகும். நூல் மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் நூல் மூட்டையைப் பிரிக்க, கட்டிய கயிற்றை அறுக்க, அட்டைப்பெட்டி டேப்பைக் கிழிக்க ஆகும். தைத்த பனியனில் பிசிறு வெட்ட மட்டும் இது ஆகாது. துணியில் ஓட்டை விழும். அந்த வேலைக்கு டிரிம்மர்தான்.

அரிவாளும் கொடுவாளும் பட்டறையில் சொல்லி அடிப்பவை. வாய் மடங்கினால் அடித்தவரிடமே கொண்டுபோய்க் கேட்கலாம். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கடையில் வாங்கும் மடக்குக்கத்திக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருப்பார்கள். யார் செய்தது, எந்த எஃகு என்பது தெரியாது. அதனால் தரத்தை வாங்குபவரே கையில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

மூட்டு

மலிவு விலைக் கத்தி முதலில் கெடுவது மூட்டில். மழுங்கின கூரைக் கல்லில் தீட்டி மீட்டுவிடலாம். தளர்ந்த மூட்டை மீட்பது கடினம். இந்த விலையில் வரும் பல கத்திகளில் அலகையும் பிடியையும் ஒரு ரிவிட் ஆணி சேர்க்கிறது. ஆட்டம் கண்டபின் ஆணித்தலையைச் சுத்தியலால் தட்டினால் ஆட்டம் நிற்கும், கூடவே அலகும் இறுகித் திறக்க மறுக்கும். திருகு போட்ட மூட்டு இருந்தால் சிறு சாவியால் முடுக்கிக்கொள்ளலாம். இரண்டு கத்தி ஒரே விலையில் இருந்தால் திருகு உள்ளதை எடுப்பதே நல்லது.

பார்க்கும் முறை எளிது. கத்தியை முழுக்கத் திறந்து, பிடியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, அலகின் முதுகுப் பக்கத்தை நுனியருகே மறு கையின் இரு விரலால் பற்றி ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் அசைந்தால் வாங்கக் கூடாது. பூட்டோ ஸ்பிரிங்கோ அலகின் அடியில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். பிறகு மெதுவாக மூடி மேலிருந்து பார்க்க, அலகு இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஆணித்துளை கோணலாக விழுந்திருக்கும், அல்லது தகடு வளைந்திருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் அலகு ஒரே சீராக நகர வேண்டும். நறநறவென்றால் உள்ளே அரைத்த தூள் தங்கியிருக்கலாம். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பத்து இருபது முறை திறந்து மூடினால் போய்விடும். போகவில்லை என்றால் வாஷர் இல்லாமலே கோத்திருக்கிறார்கள்.

பூட்டு இல்லாத பழைய வகையில் முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. சுவிஸ் ராணுவக் கத்திகளில் பலவும் இந்த வகையே. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்சனர் 1884இல் தொடங்கிய பட்டறை, 1891இல் அந்நாட்டுப் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கி, பின்னாளில் விக்டோரிநாக்ஸ் ஆனது. இவ்வகைக் கத்தியை எதிலும் குத்தக் கூடாது. நுனி தடுக்கி முதுகில் அழுத்தம் விழுந்தால் அலகு விரல்மேல் மடங்கும்.

இன்று மலிவில் அதிகம் கிடைப்பது, பிடியின் உள்தகடே வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும் பூட்டு. அந்தத் தகடு அலகின் அடிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். அடியின் தடிமனில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை வந்திருந்தால் சரி. விளிம்பை மட்டும் தொட்டு நின்றால் வழுக்கும். புதிதிலேயே எதிர்ப்பக்கம் வரை போய்விட்டால், தேய இடமில்லாமல் சில மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். சோதிக்க, திறந்த கத்தியின் முதுகை மர மேசை விளிம்பில் வைத்து மிதமாக அழுத்தினால் போதும். விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இருக்கக் கூடாது. சிலர் ஓங்கித் தட்டிப் பார்ப்பார்கள். அந்த அடியில் நல்ல பூட்டும் கெடும்.

விலை குறைந்தாலே தரம் குறையும் என்பதற்குப் பிரான்சின் ஒப்பினெல் கத்தி நல்ல மறுப்பு. சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த இக்கத்தி உழவர்களுக்கானது: ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1955இல் சேர்த்த திருகு வளையம் அலகைப் பூட்டுகிறது. உறுப்புகள் குறைவு என்பதால் கெடக்கூடியவையும் குறைவு. கடைகளில் தொங்கும் சில கத்திகளில் டார்ச், விசில், திசைகாட்டி, பாட்டில் திறப்பான் எல்லாம் இருக்கும். அந்தக் காசு மூட்டிலிருந்து எடுத்ததுதான்.

எஃகு

அலகின் எஃகைப் பற்றி முதலில் காந்தத்தைக் கேட்கலாம். சமையலறை எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பயன்படும் 304 வகை உலோகத்தைச் சூடேற்றித் தோய்த்துக் கெட்டிப்படுத்த முடியாது; காந்தமும் அதில் ஒட்டாது. அலகில் காந்தம் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கத்தியில் கூர் நிற்காது. பிடித்தால் நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. கத்தி எஃகு வகையைச் சேர்ந்தது என்பது மட்டுமே அதில் தெரியும். பதம் சரியா என்பது தெரியாது.

மலிவுக் கத்திகளில் அடிக்கடி காணும் 3சிஆர்13 என்ற சீன எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.3 விழுக்காடு, குரோமியம் 13 விழுக்காடு. துரு எளிதில் பிடிக்காது, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். 8சிஆர்13எம்ஓவி என்பதில் கார்பன் 0.8 விழுக்காடு வரை உண்டு. கூர் கூடுதல் நாள் நிற்கும். ‘440’ என்று வெறுமனே பொறித்திருந்தால் நம்ப வேண்டாம். அந்த எண்ணில் ஏ, பி, சி என மூன்று வகை. ஏ வகையில் கார்பன் 0.7 விழுக்காட்டை ஒட்டியும் சி வகையில் ஒரு விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். சி வகையைப் போட்டவர் அந்த எழுத்தைப் பொறிக்காமல் விடமாட்டார்.

எஃகின் பெயரைவிடப் பதம் முக்கியம். ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பழுக்கவைத்துச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி குறைந்த சூட்டில் பதமாற்றினால்தான் அலகு கெட்டியாகவும் முறியாமலும் இருக்கும். ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டிய கெட்டி சட்டைப்பைக் கத்திக்குப் போதும். 52க்குக் கீழே போனால் சாக்குத் தையலை அறுத்தாலே வாய் மடங்கும். சூட்டை ஆளும் இந்தக் கலை கொங்குக்குப் புதிதல்ல. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் செய்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்களும் வெளிப்பட்டன. இன்றைய மலிவுக் கத்தியில் காசு மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த உலை வேலையில்தான். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்.

துருப்பிடிக்கும் கார்பன் எஃகு அலகும் கெட்டதல்ல. கூர் நன்றாக ஏறும். ஆனால் வாழைக்கறையும் மாங்காய்ப் பாலும் பட்டால் கறுத்துவிடும். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவருக்கே அது ஏற்றது.

வாயும் கூரும்

வெட்டுவாயை மேல்நோக்கிப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் வாய் நெடுகப் பார்க்க வேண்டும். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. எங்கே வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறதோ அங்கே மழுங்கல் அல்லது சில்லு. இருபுறச் சரிவும் ஒரே அகலத்தில், அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காக ஓட வேண்டும். கறுப்புப் பூச்சும் வானவில் பூச்சும் கோணலான சரிவை மறைக்க வசதியானவை. செய்தித்தாளை அந்தரத்தில் பிடித்து அறுத்தால் கிழியாமல் போக வேண்டும். புதுக்கத்தி இதில் தோற்றாலும் கவலையில்லை, தீட்டிக்கொள்ளலாம். கவலைப்பட வேண்டியது வாய்க்கு மேலுள்ள தடிமன். அது தடித்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அலகு தேங்காய் மட்டையில் ஆப்பு மாதிரி இறங்கி நிற்கும், அறுக்காது.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்கும்போது நுனியைக் கவனிக்க வேண்டும். நெருப்புப்பொறி பறக்க அழுத்தினால் மெல்லிய நுனி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறு பக்கம் நைசும் உள்ள கார்பரண்டம் கல் வீட்டுக்குப் போதுமானது. நனைத்த கல்லில், ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரியை ஒட்டிய சாய்வில், விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டும்வரை இழுத்து, பிறகு மறு பக்கம் திருப்பி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும்.

சட்டம்

இந்திய ஆயுத விதிகள், 2016இன்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு, வேளாண், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சாதாரண மடக்குக்கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை, பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளத்திலிருந்தே கட்டுப்பாடு வைக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர்க் கத்தி சினிமா வில்லன்களின் கையில் புகழ்பெற்றது இந்தப் பாயும் வகையால்தான். கோவையில் விமானம் ஏறுபவர் மடக்குக்கத்தியைக் கைப்பையில் வைத்திருந்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். சரக்கில் போடும் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.